நீரோரச் சிற்றீக்கள்: பேரினம் அறிய உதவி தேவை

வணக்கம். நன்னீர்க் குளத்தின் சேற்று விளிம்பிலும் உவர்நீர்க் கழியின் பாசிப் படிவிலும் சேகரித்த சில ஈக்களைப் பேரின அளவிலாவது அடையாளம் காண விரும்புகிறேன். எல்லாமே 2 முதல் 4 மி.மீ. நீளம்தான்.

இவை நீரோர ஈக்களின் குடும்பமான எஃபிட்ரிடேயைச் சேர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. முகம் புடைத்து முன்தள்ளி நிற்கிறது. இறக்கையின் முன்விளிம்பு நரம்பு இரண்டு இடங்களில் முறிந்திருக்கிறது. உணர்கொம்பின் மயிரிழையில் மேல்பக்கம் மட்டுமே கிளைகள்.

கும்பிடுபூச்சியைப் போல முன்தொடை பருத்த ஈயை ஆக்தெரா என்று எளிதாகவே பிரித்துவிட்டேன். கருத்த இறக்கையில் வெளிர்புள்ளிகள் உள்ளது ஸ்காடெல்லாவாக இருக்கலாம். சிக்கல் கழியில் கிடைத்ததில்தான். பச்சை கலந்த உலோகப் பளபளப்பு, புள்ளியில்லா இறக்கை, அகன்ற வாய்த்திறப்பு, அதன் விளிம்பில் அடர்ந்த மயிர்கள். நகங்கள் நீண்டு, ஏறத்தாழ நேராக இருக்கின்றன. எஃபிட்ராவா, அதற்கு நெருங்கிய வேறு பேரினமா? முகத்து முட்கள், முதுகு முட்கள், கால்கள் ஆகியவற்றில் எதை நெருக்கமாகப் படமெடுத்தால் உறுதி செய்ய முடியும்? இனம் வரை செல்ல ஆண் ஈயின் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்ப்பது கட்டாயமா?

ஆல்கஹாலில் நனைந்தால் உடலின் மாவுப்பூச்சும் நிறமும் சரியாகத் தெரிவதில்லை என்பதால், சிலவற்றை உலர்த்தி ஊசியில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். எந்தக் கோணம் வேண்டுமென்று சொன்னால் உடனே படமெடுத்துப் பதிவிடுகிறேன். இக்குடும்பத்தில் பழகியவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.