காகிதக் கழுகு பாஸ்: சிறகு மடங்கும்போது மினுங்குகிறது, பின்பக்கம் காணாமல் போகிறது. உதவி தேவை

தீட்டுகோல்:
கோடோ (Godot) 4.2 என்ற விளையாட்டு எஞ்சினில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். உலகம் முழுக்கக் காகிதம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு பூதக் காவலன் பாஸாக (கடைசிப் பெரிய எதிரியாக) நிற்கும்: நிலத்துக்குக் காண்டாமிருகம், நீருக்கு முதலை, தீக்குக் கழுகு, காற்றுக்குத் தும்பி. (ஆகாயத்துக்கு என்ன உருவம் கொடுப்பது என்று பிடிபடவில்லை. அதனால் இப்போதைக்கு நான்குதான்.)

காண்டாமிருகமும் முதலையும் கனமான மேஷ் (முப்பரிமாண உருவம்), தொல்லை இல்லை. கழுகுதான் படுத்துகிறது. அதன் ஒவ்வொரு இறகும் தடிமனே இல்லாத ஒரு தனித் தாள். கழுகு திரும்பினால் பாதி இறகுகள் மாயமாகின்றன. சிறகை மடக்கும்போது கண் கூசும் அளவுக்கு மினுங்குகிறது. இறகுகள் ஓரத்திலிருந்து எரிந்து ஓட்டை விழ வேண்டும் என்பதால் மெட்டீரியலில் (பரப்பின் தோற்ற அமைப்பில்) டிரான்ஸ்பரன்சியை ஆல்ஃபா (பாதி ஒளிபுகும் முறை) என்று வைத்திருக்கிறேன். ரெண்டர் பிரையாரிட்டியை (வரையும் முன்னுரிமையை) மாற்றினால் ஓர் இடத்தில் சரியாகி இன்னோர் இடத்தில் கெடுகிறது. கேமராவின் நியர் அளவை (எவ்வளவு அருகிலிருந்து வரையத் தொடங்குவது என்பதை) 0.001 வரை குறைத்தும் பார்த்தாயிற்று.

பின்பக்கம்:
மாயமாவதற்குக் காரணம் எளிது. தாளின் முன்முகத்தை மட்டும் வரைந்து பின்முகத்தை விட்டுவிடுவதுதான் எஞ்சினின் வழக்கம். மெட்டீரியலில் கல் மோடை (cull mode, எந்தப் பக்கத்தை வரையாமல் விடுவது என்ற அமைப்பு) டிஸேபிள்ட் ஆக்குங்கள், இரண்டு பக்கமும் தெரியும். பின்பக்கத்துக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் ஷேடரில் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரலில்) ஃப்ரன்ட் ஃபேஸிங் என்ற மதிப்பைப் பார்த்துப் பிரிக்கலாம். மடிப்புத்தாளில் ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் வெள்ளை இருக்குமே, அதுபோல. காகிதம் என்ற உணர்வு பாதி அதிலேயே வந்துவிடும்.

மினுங்கல் எப்படிப்பட்டது? முழு இறகும் சட்டென்று முன்னும் பின்னும் மாறுகிறதா, இல்லை வரி வரியாகப் பூச்சி பறப்பதுபோல் தெரிகிறதா?

தீட்டுகோல்:
கல் மோட் மாற்றியதும் இறகுகள் வந்துவிட்டன, நன்றி. மினுங்கல் இரண்டு விதமாகவும் இருக்கிறது. சிறகு அசையும்போது முழு இறகும் இடம் மாறுகிறது. முழுதாக மடித்து நிற்கும்போது வரி வரியாக வருகிறது.

மடிப்புக்கோடு:
அப்படியானால் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாது.

முழு இறகு இடம் மாறுவது ஆல்ஃபாவால். ஆல்ஃபா வைத்த பொருள்களைக் கேமராவிலிருந்து உள்ள தூரத்தின்படி வரிசைப்படுத்தித் தொலைவில் இருப்பதை முதலில் வரைவார்கள். அந்தத் தூரம் ஒரு பொருளுக்கு ஒன்றுதான், பிக்சலுக்கு ஒன்று இல்லை. நெருங்கிக் கிடக்கும் இரண்டு இறகுகள் கொஞ்சம் அசைந்தாலே வரிசை மாறிவிடும். ரெண்டர் பிரையாரிட்டி அந்த வரிசையை நாமே கட்டிப்போடும் வழி. கழுகு திரும்பினால் முன் எது பின் எது என்பதும் மாறிவிடுமே, அதனால்தான் ஓரிடத்தில் சரி, இன்னோர் இடத்தில் தப்பு.

உங்களுக்குப் பாதி ஒளிபுகும் தாள் தேவையே இல்லை. தாள் இருக்கிறது அல்லது எரிந்துவிட்டது, அவ்வளவுதானே? டிரான்ஸ்பரன்சியை ஆல்ஃபா சிசர் என்று மாற்றுங்கள். குறித்த அளவுக்குக் கீழே போன பிக்சல் அடியோடு வெட்டப்படும், மிச்சம் சாதாரணப் பொருளாக ஆழ மதிப்போடு (கேமராவிலிருந்து அந்தப் பிக்சல் எவ்வளவு தொலைவு என்ற கணக்கோடு) வரையப்படும். வரிசைச் சண்டை அதோடு தீர்ந்தது.

வரி வரியாக வருவது வேறு. இரண்டு தாள்கள் ஒரே தளத்தில் கிடக்கின்றன, எது முன்னால் என்று ஆழ மதிப்பால் சொல்ல முடியவில்லை. நியர் அளவைக் குறைத்தது இதை மோசமாக்கத்தான் செய்யும், ஆழத் துல்லியம் எல்லாம் கேமராவின் மூக்குக்கு அருகிலேயே செலவாகிவிடுகிறது. எஞ்சினின் வழக்கமான 0.05-க்கே கொண்டுபோங்கள். 2024-இல் வந்த கோடோ 4.3-இல் ஆழ மதிப்பைத் தலைகீழாக்கியதால் தொலைதூரத் துல்லியம் நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால் ஒரே தளத்தில் ஒட்டிக் கிடக்கும் தாளை எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. அடுக்குக்கு அடுக்கு உண்மையாகவே இடைவெளி விடுங்கள்: கழுகு நான்கு மீட்டர் அகலம் என்றால் ஐந்து மில்லிமீட்டர்கூடப் போதும். மடிப்பை 180 பாகைக்குக் கொண்டுபோகாமல் 177-இல் நிறுத்துங்கள். நிஜத் தாளும் முழுதாக மூடாது, பார்க்கவும் அழகு.

கரியோரம்:
எரிவதைப் பற்றி மட்டும். ஒரு நாய்ஸ் படத்தை (ஒழுங்கில்லாத கருப்பு வெள்ளைத் திட்டுகள்) வைத்து, எரிந்த அளவைவிட அதன் மதிப்பு குறைந்த இடத்தை வெட்டுங்கள். வெட்டின விளிம்பில் மெல்லிய தணல் கோடு, அதற்கு எமிஷன் (தானே ஒளிர்வது). அதை ஒட்டிக் கருப்பு, அப்புறம் அகலமாகப் பழுப்பு, பிறகு வெள்ளைத் தாள். நிறையப் பேர் பழுப்பை விட்டுவிடுகிறார்கள், பார்த்தால் தாள் மாதிரியே இருக்காது. நெருப்பு வருமுன் தாள் கருகும் அந்தப் பழுப்புதான் ஆட்டக்காரருக்கு எச்சரிக்கையும். பழுப்பு பரவும்போது கழுகு தாக்கப் போகிறது என்று ஓரிரு முறையிலேயே பிடித்துவிடுவார்கள்.

தும்பிவால்:
கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்கவும். 2020-இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்த 'பேப்பர் மரியோ: தி ஓரிகாமி கிங்' விளையாடியிருக்கிறீர்களா? அதிலும் நான்கு பூதக் காவலர்கள் உண்டு: நிலத்துக்கு ஆமை, நீருக்கு நாகம் போன்ற டிராகன், தீக்குப் பறவை, பனிக்குக் கரடி. ஒன்றை வென்றால் அதன் சக்தி நமக்கு வரும். நீரின் சக்தியால் தீப்பறவையை அணைப்போம், தீயின் சக்தியால் பனியை உருக்குவோம். உங்கள் முதலையை வென்ற பரிசும் கழுகுச் சண்டையில் இப்படி உதவினால் நன்றாக இருக்கும்.

ஆனால் அங்கே தண்ணீர் தீயை அணைக்கிறது, அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது தாள் கழுகு. நனைந்தால் நார்களின் பிணைப்பு தளர்ந்து தாள் வலுவிழக்கும். நனைந்த சிறகு தொங்கட்டும், பறக்க முடியாமல் தரையில் இழுபடட்டும். பாஸின் பலவீனத்தை எழுதிக் காட்டவே வேண்டாம்.

ஆகாயத்துக்கு உருவம் எதற்கு? தாளில் வெட்டிய ஓட்டையையே காவலனாக்குங்கள். அடிக்க எதுவும் இருக்காது, சுற்றியுள்ள தாளைத்தான் அடித்தாக வேண்டும்.

தீட்டுகோல்:
சிசரும் இடைவெளியும் சேர்ந்து மினுங்கலை நிறுத்திவிட்டன. பழுப்பு ஓரம் அட்டகாசம். ஓட்டைக் காவலன் யோசனையைத் திருடிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி: இப்போது இறகுகளின் மேல் கருப்புக் கோடுகளாக நிழல் விழுகிறது.

மடிப்புக்கோடு:
தாள் தன்மேலேயே நிழல் போட்டுக்கொள்கிறது. விளக்கின் ஷேடோ அமைப்பில் நார்மல் பயாஸ் என்ற அளவை (நிழல் சோதனையைப் பரப்பிலிருந்து சற்றுத் தள்ளிவைப்பது) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். அதிகமானால் நிழல் மெலிந்துபோகும், அதற்கு முன் நிறுத்திவிடுங்கள்.