கதிருக்கு ஒரு நாள் தடை

(எங்கள் குடும்பக் குழுவில் சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கியது. என் போனில் யாரை எப்படிச் சேமித்திருக்கிறேனோ அப்படியே விட்டிருக்கிறேன். கதிர் என் சித்தியின் மகன். தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பலரும் கணினி உருவங்களாக வந்து சந்தித்துப் பேசும் மெய்நிகர் (VR) உலகம் ஒன்றுக்குப் போகிறவன். அவன் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவன் சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன்.)

சித்தி: கதிர் ஒரு மணி நேரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த ஹெட்செட் உலகத்திலிருந்து அவனை ஒரு நாள் வெளியே தள்ளிவிட்டார்களாம். இந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள், யாருக்காவது புரிகிறதா?

பெரிய மாமா: ஹெட்செட் நாம் காசு கொடுத்து வாங்கியது. தள்ளுவதற்கு அவர்கள் யார்?

அம்மா: என்ன செய்தான் என்று கேட்டாயா?

சித்தி: ஒன்றுமே செய்யவில்லையாம் அக்கா.

தாத்தா: ஒன்றும் செய்யாதவனைத் தள்ளினார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

கதிர்: தாத்தா நீங்களுமா

நான்: சித்தி, முதலில் அந்தப் படத்தை அழியுங்கள். எல்லோருக்கும் அழிகிற மாதிரி. அவன் பயனர் பெயர் முழுசாகத் தெரிகிறது.

சித்தி: நம் குழுதானே?

பெரிய மாமா: அடடா. நான் அதை என் நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டேனே. அங்கே ஒருவருக்குக் கணினி விஷயம் எல்லாம் அத்துப்படி, கேட்கலாம் என்று.

நான்: மாமா! போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையே.

சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய மாமா: அங்கேயும் அழித்துவிட்டேன். அதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள்.

அம்மா: பெயர் தெரிந்தால் என்ன ஆகிவிடும்?

நான்: அவன் வைத்திருக்கும் பெயர் கதிர்2013, அம்மா.

அம்மா: அது அவன் பிறந்த வருஷம்.

நான்: அதேதான். அங்கே ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் பெயர் மிதக்கும். இவன் தன் சொந்தப் பெயரையும் வயதையும் தலையில் சுமந்துகொண்டு முன்பின் தெரியாதவர்கள் நடுவே சுற்றியிருக்கிறான்.

கதிர்: ஆனால் கணக்கில் 2000 என்றுதான் போட்டேன்

கதிர்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: படித்துவிட்டேன். என்னது 2000?

தாத்தா: அப்படியானால் பெண் பார்க்கலாம்.

கதிர்: 13 ஆகவில்லை என்றால் உள்ளே விடாது அம்மா. எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்

நான்: டேய், அந்த 13 சும்மா வந்தது இல்லை. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1998-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய தளங்கள் பலவும் அதை வைத்தே வயது வரம்பு வைத்திருக்கின்றன. நீ பெரியவன் என்று சொல்லி உள்ளே போனால், பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லாம் உனக்கு மட்டும் அணைந்துவிடும். யார் வேண்டுமானாலும் உன்னோடு பேசலாம், பெரியவர்களுக்கான அறையும் திறக்கும். பொய் சொல்லி நீ அவர்களை ஏமாற்றியதாக நினைக்கிறாய். பூட்டைக் கழற்றிக் கொடுத்தது நீதான்.

சித்தி: வேறு வழி இல்லையா? அவன் நண்பர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான்: இருக்கிறது சித்தி. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் ஹெட்செட்டில் 2023-லிருந்தே 10 வயதுப் பிள்ளைக்கும் பெற்றோர் பொறுப்பில் கணக்கு தொடங்கலாம். எந்தச் செயலியைத் திறக்கலாம் என்பது உங்கள் கையில் இருக்கும். அதை அப்புறம் பார்ப்போம். கதிர், இப்போது சொல், என்ன நடந்தது?

கதிர்: நானும் மூன்று பேரும் ஒரு அறையில் இருந்தோம். நீலப் பறவை உருவத்தில் ஒரு அக்கா வந்தார்கள். நாங்கள் சுற்றி நின்று ஆடினோம். அவர்கள் நகர்ந்தார்கள், நாங்களும் கூடவே போனோம். சும்மா முகத்துக்குள்ளே கையை விட்டு விட்டு எடுத்தோம். அவ்வளவுதான்

அம்மா: அவ்வளவுதானா!

கதிர்: தொடவே இல்லை பெரியம்மா. தொடவும் முடியாது, அது வெறும் உருவம்தானே

பெரிய மாமா: பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண் ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டியதுதானே?

நான்: மாமா, நான் மூன்று வருடமாக இப்படி ஓர் உலகத்தில் மாடரேட்டராக, அதாவது புகார்களைப் பார்த்து விதி மீறுபவர்களைத் தடை செய்பவளாக, இருக்கிறேன். இந்தக் கேள்வி வாரம் ஒரு முறையாவது என் காதில் விழும். ஹெட்செட் போட்டிருக்கும்போது எதிரே இருப்பவர் கையை நம் முகத்துக்குள் விட்டால் கண் முழுக்க உள்ளங்கைதான் தெரியும். வேறு எதுவும் தெரியாது. உடம்பு தானாகப் பின்னால் போகும். நானே ஒரு முறை அப்படிப் போய் அலமாரியில் முதுகை இடித்துக்கொண்டேன். காதுக்குப் பக்கத்தில் சிரித்தால் சத்தமும் காதுக்குப் பக்கத்திலிருந்தே வரும். நாலு பேர் சுற்றி நின்றால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

நான்: மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற இதே மாதிரி உலகத்தில் இதே புகார்கள் வந்து, 2022 பிப்ரவரியில் ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத வேலி போட்டார்கள். இரண்டு பேருக்கு நடுவில் சுமார் 4 அடி. அதைத் தாண்டிக் கிட்டே போனால் உருவம் நின்றுவிடும். கதிர் போன இடத்தில் அந்த வேலியை அவரவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும் போல. அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

தாத்தா: இதெல்லாம் இந்த ஹெட்செட் வந்த பிறகு வந்த தொல்லையா, முன்னாலேயே உண்டா?

நான்: முன்னாலேயே உண்டு தாத்தா. 1978-ல் இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் பலர் சேர்ந்து நுழையும் ஓர் உலகத்தை உருவாக்கினார்கள். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'நீ ஒரு குகைக்குள் நிற்கிறாய்' என்கிற மாதிரி வரும், நாம் 'வடக்கே போ' என்று தட்ட வேண்டும். அதே வழியில் பிறகு லாம்ப்டாமூ என்று ஒன்று வந்தது. 1993-ல் அங்கே ஒருவன் ஒரு நிரலை வைத்து, மற்றவர்களின் பாத்திரங்கள் அசிங்கமான காரியங்களைச் செய்வதாக அந்த அறையில் இருந்தவர்கள் திரையில் வரவைத்தான். வெறும் எழுத்து தாத்தா. அதற்கே ஆட்கள் அழுதார்கள், ஆத்திரப்பட்டார்கள், அவனை நீக்கச் சொன்னார்கள்.

தாத்தா: நீக்கினார்களா?

நான்: கூட்டம் போட்டு மணிக்கணக்காகப் பேசினார்கள், முடிவு வரவில்லை. கடைசியில் நிர்வாகிகளில் ஒருவரே அவன் பாத்திரத்தை அழித்துவிட்டார். அதை நடத்திய பாவெல் கர்ட்டிஸ் அதற்குப் பிறகுதான், உள்ளே இருப்பவர்களே மனுப் போட்டு வாக்களித்து முடிவெடுக்கும்படி ஏற்பாடு செய்தார். 

தாத்தா: மொட்டைக் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் வெறும் எழுத்துதான்.

பெரிய மாமா: சரி, சரி. ஒப்புக்கொள்கிறேன்.

கதிர்: என் நண்பர்கள் வேறு ஒரு யோசனை சொல்கிறார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து அந்த அக்கா மேலே ரிப்போர்ட் கொடுத்தால் அவர்களுக்கும் தடை வரும்

நான்: வராது. உங்களுக்குத்தான் இன்னொன்று வரும். நாலு புகார் ஒரே நிமிடத்தில், ஒரே வார்த்தையில் வந்தால் எங்களுக்குத் தெரியாதா? பொய்ப் புகாருக்கும் தடை உண்டு.

கதிர்: அப்புறம் உண்மையான புகாரைக் கொடுத்தாலும் யாரும் பார்ப்பதில்லை என்கிறார்களே

நான்: பார்க்கிறோம். ஆனால் பாதிப் புகாரில் 'இவன் மோசமானவன்' என்று மட்டும் இருக்கும். அதை வைத்து என்ன செய்ய? யார், எந்த அறை, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் அல்லது செய்தார், இந்த நாலும் இருந்தால் போதும். சில தளங்களில் கடைசிச் சில நிமிடங்கள் ஹெட்செட்டிலேயே பதிவாகி இருக்கும், புகார் கொடுத்தால் அதுவும் சேர்ந்து போகும். அதனால் தாமதிக்கக் கூடாது. அந்த நீலப் பறவை அப்படித்தான் உடனே கொடுத்திருப்பார்.

சித்தி: நீ ஒரு விதிப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் சுவரில் ஒட்டிவிடுவேன்.

நான்: ஒட்டினால் அடுத்த நாளே கண்ணுக்குப் பழகிவிடும் சித்தி. பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களைத்தான் நான் தினமும் தடை செய்கிறேன் 😄 எனக்குத் தெரிந்து உதவுவது ஒன்றே ஒன்று. மியூட், பிளாக், ரிப்போர்ட் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தேவைப்படுவதற்கு முன்னாலேயே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதறும்போது மெனுவைத் தேடினால் கிடைக்காது. கதிர், கண்ணை மூடிக்கொண்டு சொல், பிளாக் எங்கே?

கதிர்: ம்ம்... பெயரைத் தொட்டால் வரும் என்று நினைக்கிறேன்

நான்: நினைக்கிறாயா?

அம்மா: மியூட்டுக்கும் பிளாக்குக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு இந்த வாட்ஸ்அப் மியூட் மட்டும்தான் தெரியும்.

பெரிய மாமா: அது எனக்கும் தெரியும். என்னைத்தானே மியூட் செய்திருக்கிறாய்?

நான்: 😄 மியூட் என்றால் அவர் குரல் நமக்குக் கேட்காது, ஆனால் நம் முன்னால் வந்து நின்று கையை ஆட்டலாம். பிளாக் என்றால் பெரும்பாலான இடங்களில் ஆளே மறைந்துவிடுவார். ஆனால் ரிப்போர்ட் கொடுக்காமல் பிளாக் மட்டும் செய்தால் அவர் நேரே அடுத்தவரிடம் போவார்.

(இதற்குப் பிறகு பத்து நிமிடம் யாரும் எழுதவில்லை.)

கதிர்: அக்கா ஒன்று கேட்கட்டுமா. தனியாகக் கேட்கலாமா

கதிர்: சரி இங்கேயே கேட்கிறேன். முயல் உருவத்தில் ஒருவர் இருக்கிறார். எனக்கு ஒரு உடை பரிசாக வாங்கிக் கொடுத்தார், விளையாட்டு உடை. வேறு செயலியில் பேசலாம் வா என்கிறார். அம்மாக்களுக்கு இதெல்லாம் புரியாது, சொல்லாதே என்றார். அவர் நல்லவர்தானா

சித்தி: கதிர்!!!

நான்: சித்தி, தயவுசெய்து இப்போது திட்டாதீர்கள். இன்று திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான். கதிர், நீ கேட்டது ரொம்பச் சரி. போனாயா அந்தச் செயலிக்கு?

கதிர்: இல்லை. போன் அம்மாவிடம்தானே இருக்கும்

நான்: படம் ஏதாவது கேட்டாரா? எங்கே படிக்கிறாய், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று?

கதிர்: எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். சொல்லவில்லை. பெயரில்தான் இருக்கிறதே என்று அவரே சொல்லிச் சிரித்தார்

நான்: பார்த்தாயா, அந்த 2013-ஐ அவர் படித்துவிட்டார். கேட்காத பரிசு, மாடரேட்டர் கண்ணுக்குப் படாத வேறு இடம், வீட்டில் சொல்லாதே. இந்த மூன்றில் ஒன்று வந்தாலே நான் நிமிர்ந்து உட்காருவேன். உனக்கு மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தோடு பழகுகிற பெரியவர் யாரும் ஒரு பையனிடம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

கதிர்: உடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா

நான்: வேண்டாம். அவருக்கு நீ எதுவும் பாக்கி இல்லை. பதிலே போடாதே, விடைபெறவும் வேண்டாம். இப்போதே அம்மாவும் நீயும் சேர்ந்து உட்கார்ந்து, வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் ரிப்போர்ட். அது போன பிறகுதான் பிளாக். முதலிலேயே பிளாக் செய்தால் சில இடங்களில் ஆள் பட்டியலிலிருந்தே காணாமல் போவார், பெயரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சித்தி, படம் கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ நேரே காவல்துறைக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

சித்தி: சரிம்மா. கை நடுங்குகிறது. எடுக்கிறேன்.

தாத்தா: கதிர், நீ சொன்னதற்கு நாளைக்கு என்னோடு இரண்டு ஆட்டம் செஸ். நீயே வெள்ளை.

கதிர்: 👍

சித்தி: ரிப்போர்ட் போய்விட்டது. பிளாக்கும் செய்துவிட்டோம். படங்களை எல்லாம் வைத்திருக்கிறேன், குழுவில் போட மாட்டேன்.

நான்: 1995-ல் இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். அஞ்சலட்டையில் எழுதத் தயங்குவதை மின்னஞ்சலில் எழுதாதே என்று அதில் இருக்கிறது. இன்றைய குழுக்களுக்கும் அது பொருந்தும்.

தாத்தா: முப்பத்தைந்து வருஷம் தபால் கொடுத்தவன் சொல்கிறேன். அஞ்சலட்டையைப் படிக்காத தபால்காரன் கிடையாது.

ஞாயிறு மாலை

கதிர்: தடை முடிந்தது. அந்தக் கணக்கை மூடிவிட்டோம். அம்மா பொறுப்பில் புதுக் கணக்கு, சரியான வயது. பெயர் அரைத்தூக்கம்

அம்மா: பொருத்தமான பெயர்.

கதிர்: மூடுவதற்கு முன்னால் அந்த நீலப் பறவை அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று பார்த்தேன். பிளாக் செய்திருக்கிறார்கள்

நான்: அப்படியானால் விட்டுவிடு. வேறு பெயரில் போய்த் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்பதும் தொல்லைதான்.

கதிர்: சரி அக்கா. இப்போது அம்மா ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். எல்லாப் பொத்தானையும் அவரே பார்க்க வேண்டுமாம். சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார்

பெரிய மாமா: வீடியோ எடு!

கதிர்: கேட்காமல் எடுக்கக் கூடாது மாமா

தாத்தா: அப்படிப் போடு.

கதிர்: ஐயோ

நான்: என்ன?

கதிர்: அம்மா மைக்கை அணைக்கவில்லை. 'கதிர், அந்த மியூட் பொத்தான் எங்கே இருக்கிறது கதிர்' என்று கத்தினார். அந்த அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள்

கதிர்: டிவியில் ஹெட்செட் காட்சி தெரிகிறது. ஒரு ரோபோ திரும்பி அம்மாவைப் பார்த்து 'ஹலோ கதிர்' என்று கையாட்டுகிறது

அம்மா: 😂😂😂

சித்தி: இப்போதுதான் கழற்றினேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே. அவர்கள் எல்லோரையும் மியூட் செய்துவிட்டேன் போலிருக்கிறது.

பெரிய மாமா: அந்த ரோபோவோடு சேர்த்து ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா?

நான்: மாமா.