மறு: கம்ப்ளையன்ஸுக்கு ‘இணக்கம்’ சரிவருமா?

> ‘சிகிச்சை இணக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா. டாக்டர் சொன்ன சிகிச்சையை நோயாளி அப்படியே பின்பற்றுவதைத்தான் ஆங்கிலத்தில் கம்ப்ளையன்ஸ் (compliance) என்கிறார்கள்; அதற்குத் தமிழில் ‘சிகிச்சை இணக்கம்’ வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

இணக்கம் என்றால் சமாதானம் என்றுதான் எங்கள் ஊரில் காதில் விழும். சர்க்கரை நோய்க் கையேட்டில் ‘இணக்கம் இல்லாதவர்’ என்று அச்சடித்தால், டாக்டரோடு சண்டை போட்டவர் என்றே படிப்பார்கள். ‘கீழ்ப்படிதல்’ அதைவிட மோசம்.

உலக சுகாதார நிறுவனம் 2003 அறிக்கையில் கம்ப்ளையன்ஸை விட்டு அட்ஹியரன்ஸுக்கு (adherence, தானும் ஒப்புக்கொண்ட சிகிச்சையைத் தொடர்வது) வந்ததே, நோயாளியின் சம்மதமும் வேண்டும் என்பதால்தான். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்காரர்களில் சராசரியாகப் பாதிப்பேர்தான் சிகிச்சையைச் சரியாகத் தொடர்கிறார்கள் என்றும் அதில் இருக்கிறது. பாதி உலகத்தையும் அடங்காதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர். விடிகாலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை, கூடவே சர்க்கரை போடாத வரட்டீ, அவ்வளவுதான். சாப்பாடு பத்து மணிக்குத் தோட்டத்தில். சரிவில் ஏறும்போதே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். வேலை நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டார். அவர் அட்டையில் ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதியிருந்தது. சர்க்கரை தாழ்ந்துபோவதை யாரும் கேட்கவில்லை. கேட்ட பிறகு, பத்து மணிச் சாப்பாட்டோடு போடும்படி டாக்டர் மாற்றிக் கொடுத்தார். குளுக்கோஸ் பொட்டலம் இடுப்பில் இருக்கட்டும் என்றோம். இப்போது விடாமல் போடுகிறார்.

அதனால் ‘சிகிச்சைக் கடைப்பிடிப்பு’ என்பதே என் பரிந்துரை. ‘மருந்து’ என்று தொடங்கினால் சாப்பாடு, நடை, பாதம் பார்த்துக்கொள்வது எல்லாம் வெளியே போய்விடும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது எதிர்ச்சொல். ஒரே சொல் வைக்காதீர்கள், இரண்டு வேண்டும். மறதியால், மாத்திரை தீர்ந்துபோனதால், மழையில் பஸ் வராததால் நின்றுபோவது ‘விடுபாடு’. அந்த அம்மா மாதிரி காரணத்தோடு தாமாக நிறுத்துவது ‘மருந்து நிறுத்தம்’. முதலாவதற்கு நினைவூட்டலோ, மக்களைத் தேடி மருத்துவம் மாதிரி வீட்டுக்கே மாத்திரை வருவதோ உதவும். இரண்டாவதற்கு உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். அட்டையில் எது என்று எழுதியிருந்தால், அடுத்து பார்க்கிற நர்ஸ் சரியான கேள்வியில் தொடங்குவார்.

‘விடுபாடு’ பட்டியலில் பெயர் விட்டுப்போனது போல ஒலிக்கிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. ‘தவறல்’ குற்றம் சாட்டுகிறதே என்று தள்ளினேன். கையேடு அச்சுக்குப் போகுமுன் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள் ஐயா.