தடை செய்த புத்தகம் உங்கள் கைக்கு வந்ததுண்டா?

சர்ச்சைக்குரிய புத்தகங்களை அரசு தடை செய்யலாமா என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு கட்சி கட்டி சண்டைதான் மிஞ்சும். அதனால் தடையை நேரில் பார்த்தவர்கள், அதில் மாட்டிக்கொண்டவர்கள் நடந்ததை எழுதுங்கள்.

அடிக்கடி பயணம் செய்பவர்:
விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி ஒரு நாவலின் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது கொண்டுவரலாம்தானே?" என்று என்னிடமே கேட்டார். பட்டியல் அவரிடமும் இல்லை. "கொண்டுவரலாம் சார்" என்றேன், விட்டுவிட்டார். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ருஷ்டியின் 'சாத்தானின் வசனங்கள்' விஷயத்தைப் பாருங்கள். 1988 அக்டோபரில் சுங்கத் துறை அறிவிப்பு மூலம் இறக்குமதிக்குத் தடை. 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டபோது அந்த அறிவிப்பை அதிகாரிகளால் காட்டவே முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓய்வு பெற்ற நூலகர்:
எங்களுக்குக் காகிதமே வரவில்லை, தொலைபேசிதான். "அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கக் கூடாது." எழுத்தில் கொடுங்கள் என்றேன். "ஏன் சார் வம்பை விலைக்கு வாங்குறீங்க?" என்றார்கள்.

பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே என்ன எழுதுவது என்பதுதான் என் தலைவலி. 'கழிவு' என்றால் புத்தகம் கிழிந்திருக்க வேண்டும். 'தொலைந்தது' என்றால் யாராவது பணம் கட்டியாக வேண்டும். கடைசியில் குறிப்புக் கட்டத்தில் பென்சிலால் 'அலுவலக அறை' என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். வருஷக்கணக்காக ஒரு தேதி முத்திரைகூட விழாத புத்தகம் அது. பூட்டிய பிறகு ஊழியர்கள் முறை போட்டு எடுத்துப் போனார்கள். பாதிப் பேர் ஐம்பது பக்கம் தாண்டவில்லை என்பது வேறு கதை.

வழக்கறிஞர்:
நூலகர் சார் கேட்ட அந்தக் காகிதம்தான் எல்லாமே. காகிதம் இருந்தால் எதிர்த்து வழக்குப் போடலாம், தொலைபேசியை எதிர்த்து எப்படிப் போடுவது?

ராமாயணம் பற்றிய பெரியாரின் நூலின் இந்திப் பதிப்பை உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது. எந்த அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தோம் என்று அறிவிப்பில் சொல்லவில்லை. அதற்காகவே அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போய் 1976இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. இத்தனைக்குப் பிறகும், நான் ஜூனியராக இருந்தபோது கையில் வாங்கிப் பார்த்த ஓர் அறிவிப்பில் சட்டப்பிரிவின் வாசகத்தையே திருப்பி எழுதி வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம், எந்த வரி, ஒன்றும் கிடையாது. எழுதியவர் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று சீனியர் அடித்துச் சொன்னார்.

மனுவில் கையெழுத்திட்டவர்:
எல்லோரும் ஒரே பக்கம் நின்று பேசுகிறீர்கள். எங்கள் மக்களை இழிவாக எழுதிய ஒரு புத்தகம் வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வருவதற்குள் ஒருவன் அதிலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்தான். வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள். தடை கேட்டுப் போன மனுவில் என் கையெழுத்து உண்டு. இன்றும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

தடை வந்தது. அப்புறம் அதே பத்தி ஜெராக்ஸாக விடுதி முழுக்கச் சுற்றியது, அதுவும் உண்மைதான். ஹிட்லரின் நூலுக்குப் பதிப்புரிமை முடிந்ததும் மியூனிக்கில் உள்ள வரலாற்று ஆய்வு நிறுவனம் 2016இல் ஆயிரக்கணக்கான விளக்கக் குறிப்புகளோடு இரண்டு தொகுதிகளாக அதை வெளியிட்டது. ஒவ்வொரு பொய்க்கும் பக்கத்திலேயே பதில். நல்ல வழிதான். ஆனால் எங்களுக்காக அப்படி உட்கார்ந்து பதில் எழுத எந்த நிறுவனம் இருந்தது?

வழக்கறிஞர்:
நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் செய்து அறிவித்தால், இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். எழுதியவர்தான் போக வேண்டும் என்றில்லை, அந்த நூலில் அக்கறை உள்ள யாரும் போகலாம். 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் ஒரே அறிவிப்பில் 25 புத்தகங்களைப் பறிமுதல் செய்ததும் இந்தச் சட்டத்தின்படிதான்.