பணியர் மொழி பேசும் ஆலோசகர் தேவை: கூடலூர்

கூடலூர் பக்கம் ஒரு பாடியில் (பழங்குடிக் குடியிருப்பு) இருக்கும் பணியர் பழங்குடிப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். ஆடி மழை தொடங்கியதிலிருந்து கணவன் குடித்துவிட்டு வந்து அடிப்பது நிற்கவில்லை. போன வாரம் வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்திருக்கிறது. மஞ்சள் அப்பி முந்தானையால் மறைத்திருந்தார். பாடிப் பெரியவர்கள் கண்டித்தார்கள், சில நாள் அமைதி, அப்புறம் பழையபடிதான். 181 பெண்கள் உதவி எண்ணில் பொறுமையாகத்தான் கேட்டார்கள். தமிழில் கேட்டதும் இவர் ஃபோனைப் பிடித்தபடி தலையாட்டியதோடு சரி. அம்மாவையும் பாடியையும் விட்டு ஊட்டி பாதுகாப்பு விடுதிக்குப் போகமாட்டேன் என்கிறார், நியாயம்தானே. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அதே வீட்டில் இருந்துகொண்டே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மனு எழுத நான் இருக்கிறேன். ஆனால் அவர் மனதில் உள்ளதை அவர் மொழியிலேயே கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. கூடலூர், பந்தலூர், வயநாடு பக்கம் பணிய மொழி பேசும் பெண் ஆலோசகர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?