கோத்தகிரிச் சரிவில் மரத்தளம்: ஆசாரி சொல்வதா, கொத்தனார் சொல்வதா?

சரிவுவீடு:
வீட்டுக்குப் பின்னால் தேயிலையைப் பார்த்து இறங்கும் சரிவு. சமையலறை வாசல் மட்டத்துக்கு 12 அடிக்கு 10 அடியில் ஒரு மரத்தளம் போட ஆசை. வெளி ஓரம் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வரும். கொத்தனார், மண்ணை வெட்டிக் கருங்கல் சுவர் கட்டி நிரப்பிவிடலாம் என்கிறார். ஆசாரியோ சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறது, தூணிலிருந்து பலகை வரை அதிலேயே முடித்துவிடலாம் என்கிறார். என்ன செய்ய?

கல்லுக்கட்சி:
கல்தான் தம்பி. அருவங்காட்டில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மரத்தளம் இருந்தது. நாலு மழைக்காலம் தாங்கியது. ஒரு நாள் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. பெயர்த்துப் பார்த்தால் மேலே வார்னிஷ் பளபள, அடியில் ஈரப் பஞ்சு. நகத்தால் கீறினால் ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்தது.

குன்னூர்க்காரி:
என்ன மரம் அண்ணா? தூணை எப்படி நிறுத்தினார்கள்?

கல்லுக்கட்சி:
சில்வர் ஓக்தான். குழி தோண்டி, தூணை உள்ளே இறக்கி, சுற்றிக் கான்கிரீட்.

குன்னூர்க்காரி:
அப்புறம் மரத்தைக் குறை சொன்னால் எப்படி? தேயிலைக்கு நிழல் தர வைத்த மரம் அது. பெட்டி, பிளைவுட் என்று மழை படாத வேலைக்குச் சரி. அதைக் கான்கிரீட் கிண்ணத்துக்குள் நட்டால் தண்ணீர் இறங்கும், வெளியேற வழி இருக்காது. ஊறுகாய் போட்டது மாதிரிதான்.

சரிவுவீடு, நாலரை அடிக்கு மண் நிரப்புவதுதான் எனக்குப் பயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் தண்ணீர் குடித்துக் கனத்து, சுவரை வெளியே தள்ளும். 2009 நவம்பரில் இங்கே மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் சரிவில் கடப்பாரை வைக்கவே யோசிப்பார்கள். மரத்தளத்துக்கு ஆறு குழி போதும். மழை பலகை இடுக்கில் இறங்கி, பழையபடி சரிவில் ஓடிவிடும்.

கல்லுக்கட்சி:
சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டு, பின்னால் சல்லி போட்டால் தள்ளாது. ஓட்டையை மண் அடைக்க விடுவது கட்டியவன் குற்றமா? சுவர் என்னிடம் வருடா வருடம் எண்ணெய் கேட்காது.

சரிவுவீடு:
அக்கா, மரம்தான் என்றால் எப்படிப் போடச் சொல்கிறீர்கள்?

குன்னூர்க்காரி:
வைரம் பாய்ந்த தேக்கு. வெளிப்பக்க வெள்ளை ஒட்டியிருக்கும் பலகையைக் கழித்துவிடுங்கள், முதலில் உளுத்துப்போவது அதுதான். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், மலிவு, ஆனால் காயக் காய முறுக்கிக்கொள்ளும்.

நிரப்பிய மண்ணில் குழி எடுக்க வேண்டாம், கெட்டி மண் தட்டும் வரை போங்கள். கான்கிரீட் மேடை தரைக்கு மேல் அரையடி நிற்கட்டும், அதன்மேல் துத்தநாகம் பூசிய இரும்புக் காலணியில், அதாவது தூணின் அடியைப் பிடிக்கும் இரும்புப் பிடியில், தூண். பத்து பேர் ஒரே ஓரத்தில் நின்று படம் எடுத்தால் அறுநூறு, எழுநூறு கிலோ, அதனால் தூண்களுக்கு நடுவே மூலைவிட்டச் சட்டம் அவசியம். பலகை தாங்கும் சட்டங்களுக்கு நடுவே 16 அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். பலகைக்கும் பலகைக்கும் 5 மில்லிமீட்டர் இடைவெளி, நடுவில் தடித்த ஆணி ஒன்றை வைத்து ஆசாரி அளந்துவிடுவார். அறுத்த முனைகளைப் பூட்டும் முன்பே எண்ணெயில் நனைக்க வேண்டும், தண்ணீர் அங்கேதான் அதிகம் உறிஞ்சும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகு. சாதா இரும்பு தேக்கில் பட்டால் கறுப்பாக வழியும்.

கொடைக்கானல்வாசி:
எல்லாம் சரி, அடியில் காலியாக விடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் காட்டுப்பன்றி குட்டியோடு குடியேறிவிட்டது. காட்டெருமை வந்து தூணில் முதுகு சொறிந்தால் தளமே ஆடும்.

குன்னூர்க்காரி:
கம்பி வலை அடியுங்கள். பலகை வைத்து மூடிவிடாதீர்கள், காற்று போகாவிட்டால் மறுபடி ஊறுகாய்தான்.

சரிவுவீடு:
தேக்கு விலை கேட்டேன். தளத்தின் 12 அடி 8 அடியாகச் சுருங்கிவிட்டது. நிரப்பும் யோசனையையும் சில்வர் ஓக்கையும் விட்டுவிட்டேன். ஆசாரி இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை.

கல்லுக்கட்சி:
போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பர் பனியில் காலை ஆறு மணிக்குக் காபி டம்ளரோடு, ரப்பர் செருப்பில், பாசி பிடித்த அந்தத் தேக்குமேல் நாலு அடி நடந்து பாருங்கள். அப்புறம் பேசுவோம்.