எட்டு வயதில் எல்லாம் தெரிந்த பிள்ளை நாற்பது வயதில் என்ன ஆகிறது?

தாழம்பூ கேட்கிறார்:

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. மூன்று வயதில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே படிக்கத் தொடங்கினான். வகுப்பில் இன்னும் வாய்பாடு நடக்கிறது. வீட்டில் அவன் பின்னங்களை முடித்துவிட்டு இயற்கணிதத்துக்கு வந்துவிட்டான். சென்ற மாதம் ஓர் உளவியலாளரிடம் அழைத்துச் சென்றோம். மீத்திறன் குழந்தை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு வகுப்பு தாண்டி உட்கார வைக்கலாம் என்று பள்ளியிலேயே சொல்கிறார்கள்.

என் மாமியார் "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று பூரித்துப்போயிருக்கிறார். என் கணவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சின்ன வயதில் ஓகோ என்று பேசப்பட்டவர்கள் பிறகு இருக்கும் இடம் தெரியாமல் போய்விடுகிறார்கள், இவனை அப்படி ஆக்கிவிடாதே என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தகைய குழந்தைகள் வளர்ந்து உண்மையில் என்ன ஆகிறார்கள்? இங்கே அப்படி வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சம்பந்தம் உண்டா தெரியவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கணக்கு தப்பிப்போனால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடுகிறான். ஒரு நோட்டு இரண்டு வாரம்கூட வருவதில்லை.

நீலவானம்:

உங்கள் கேள்விக்கு விடை தேடிய மிகப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் ஐ.க்யூ. (அறிவுத்திறன் தேர்வில் வரும் எண்) மிக உயர்ந்த சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். 1956-ல் அவர் இறந்த பிறகும் மற்றவர்கள் அவர்களை முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். மொத்தத்தில் நன்றாகவே வாழ்ந்தார்கள்: உடல்நலம், படிப்பு, வருமானம் எல்லாம் சராசரிக்கு மேல். பேராசிரியர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் என்று நிறையப் பேர். சாதாரண எழுத்தர் வேலையில் நின்றுவிட்டவர்களும் இருந்தார்கள். பெண்களில் பெரும் பகுதியினர் இல்லத்தரசிகளாகவே இருந்தார்கள். அந்தக் காலம் அவர்களுக்குத் திறந்துவைத்த கதவுகள் அவ்வளவுதான்.

நோபல் பரிசு அவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் டெர்மனின் தேர்வை எழுதி, மதிப்பெண் போதாமல் வெளியே நின்ற இரண்டு சிறுவர்கள் பிற்காலத்தில் அதைப் பெற்றார்கள்: 1956-ல் வில்லியம் ஷாக்லி, 1968-ல் லூயிஸ் அல்வாரெஸ். ஆகவே உங்கள் உளவியலாளர் எழுதிக் கொடுத்ததை வைத்து ரொம்பவும் பூரிக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

ஏணிப்படி:

சகோதரி, நீங்கள் சம்பந்தம் இல்லாததாக நினைத்துக் கடைசியில் எழுதிய இரண்டு வரிதான் என்னை இங்கே உட்கார வைத்தது. எனக்கு வயது 46. நீங்கள் கேட்ட அந்தக் குழந்தையாக நான் இருந்திருக்கிறேன்.

ஆறு வயதில் எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தங்கள் பிறந்தநாளைச் சொல்லிக் கேட்பார்கள். நான் சொன்னதும் கை தட்டுவார்கள். கற்பூர புத்தி என்பார்கள். இரண்டு முறை வகுப்பு தாண்டி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு கல்லூரிக்குப் போனேன்.

உங்கள் மகன் பக்கத்தைக் கிழிக்கிறான். நான் ரப்பரால் அழித்தேன். அழித்தது தவறான விடையை மட்டுமல்ல, சரியான விடைக்குப் போன வழியையும்தான். நோட்டின் ஓரத்தில் சின்னச் சின்னதாகப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆசிரியர் வருவதற்குள் அதையெல்லாம் துடைத்துவிடுவேன். விடை மட்டும் நடுவில் பளிச்சென்று நிற்கும். மனக்கணக்காகவே போட்டுவிட்டாள் என்பார்கள். அந்தச் சொல்லுக்காக எதையும் செய்திருப்பேன். மேசையில் விழுந்த ரப்பர் துகளைக் கையால் கூட்டி எடுத்து என் பையிலேயே போட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. அது கீழே கிடந்தால்கூட நான் முயன்று பார்த்தது தெரிந்துவிடுமே என்ற பயம். அப்போது எனக்கு வயது ஒன்பது.

கல்லூரியில் இரண்டாவது மாதம் ஒரு கேள்வி வந்தது. எந்த முழு எண்ணை எடுத்தாலும், அதன் மடங்குகளில் 0, 1 என்ற இலக்கங்களால் மட்டுமே ஆன ஓர் எண் இருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். எனக்கு உடனே எடுத்துக்காட்டுகள் வந்துவிட்டன. மூன்றுக்கு 111. ஏழுக்கு 1001. பதினேழுக்கு 11,101. இப்படி எந்த எண்ணைக் கொடுத்தாலும் தேடிப் பிடித்துவிடுவேன் என்று தெரிந்தது. ஆனால் "எந்த எண்ணுக்கும்" என்று எப்படிச் சொல்வது? நாற்பது நிமிடம் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருத்தி, பள்ளியில் முதல் பத்து இடங்களில்கூட வராதவள், எழுதுகிறாள், அடிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். இரண்டு பக்கம் அடித்தலும் திருத்தலுமாகப் போன பிறகு 1, 11, 111 என்று வரிசையாக எழுதிப் பார்த்தாள். அவற்றை அந்த எண்ணால் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் எண்ணிக்கையில் அடங்கியவை. அதனால் வரிசை நீளும்போது எங்கேயாவது இரண்டுக்கு ஒரே மீதி வந்தே தீரும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் ஒன்றுகளும் பூஜ்ஜியங்களும்தான் மிஞ்சும். முடிந்தது.

நான் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கணக்குக்கு வேண்டிய மூளை எனக்கும் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். எனக்கு இல்லாதது, பிறர் கண்ணெதிரே இரண்டு பக்கம் தப்பாக எழுதும் துணிவு. அந்த ஆண்டு நான் வகுப்புக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். முயன்று தோற்பதைவிட முயலவே இல்லை என்று பெயர் வாங்குவது எளிதாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் கணிதத்தை விட்டுவிட்டேன்.

நீலவானம் சொன்ன டெர்மன் ஆய்விலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அந்தக் குழுவின் ஆண்களில் மிகவும் முன்னேறிய 150 பேரையும் மிகவும் பின்தங்கிய 150 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐ.க்யூ.வில் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எடுத்ததை விடாமல் முடிப்பது, தன்னம்பிக்கை, தாழ்வுணர்ச்சி இல்லாமை இவற்றில்தான் வித்தியாசம் தெரிந்தது. வளர்ந்த குடும்பச் சூழலுக்கும் அதில் பங்கு இருந்தது.

இன்னொன்று, 1998-ல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு. பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் நீ புத்திசாலி என்றார்கள். சிலரிடம் நன்றாக உழைத்திருக்கிறாய் என்றார்கள். வேறுபாடு அந்த ஒரு வாக்கியம்தான். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்து வந்த எளிய புதிர்களில்கூட முன்பைவிடக் குறைவாகவே போட்டார்கள். தங்கள் மதிப்பெண்ணை முன்பின் தெரியாத வேறொரு குழந்தைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் அதைக் கூட்டி எழுதினார்கள். இதை முதன்முதலில் படித்த அன்று நான் அழுதேன். முகம் தெரியாத ஒருவரிடம்கூடத் தோற்றதாக ஒப்புக்கொள்ள முடியாத அந்தப் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் கணவரின் பயம் வெறும் பயமல்ல. 1909-ல் வில்லியம் சைடிஸ் என்ற சிறுவன் பதினோரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்தான். சில மாதங்களில் நான்கு பரிமாண உருவங்களைப் பற்றிப் பேராசிரியர்களுக்கு உரையாற்றினான். பத்திரிகைகள் அவனைத் துரத்தின. வளர்ந்ததும் அவர் யார் கண்ணிலும் படாத சின்னச் சின்ன எழுத்தர் வேலைகளைத் தேடிப் போனார், டிராம் டிக்கெட்டுகளைச் சேகரித்தார், 46 வயதில் இறந்தார். அவர் வீணாகிப்போனார் என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். தன்னை வேடிக்கை பார்க்காத ஓர் இடத்தில் வாழ வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார், அது தவறா?

அதே ஆண்டு அதே ஹார்வர்டில் இருந்த நார்பெர்ட் வீனர் பதினெட்டு வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். பின்னாளில், எந்திரங்களும் உயிர்களும் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் சைபர்நெட்டிக்ஸ் என்ற துறையையே தோற்றுவித்தார். ஆனால் அவரும் தழும்போடுதான் இருந்தார். வீட்டில் தந்தைதான் ஆசிரியர். இயற்கணிதத்தில் ஒரு பிழை வந்தால் போதும், அதுவரை அன்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மாறிவிடுவாராம். மகனின் வெற்றியெல்லாம் தன் பயிற்சி என்று வேறு அவர் எழுதினார். அப்படியென்றால் தோல்வி யாருடையது? அந்தப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு புரியாமலா போயிருக்கும்?

அவன் என்ன ஆவான் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்கு ஒரு கணக்கு வராதபோது பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். என்னைச் சுற்றி இருந்த முகங்கள் வாடின. அன்பானவர்கள்தான், ஒரு நொடிதான் வாடின. அந்த ஒரு நொடியை நான் எட்டு வயதிலேயே படித்துவிட்டேன்.

வகுப்பறை:

நான் ஆசிரியர். வகுப்பு தாண்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மேலே படித்துவிட்டு அதுதான் குற்றவாளி என்று நினைத்துவிடுவீர்கள். ஆஸ்திரேலியாவில் மிராகா கிராஸ் என்ற ஆய்வாளர் ஐ.க்யூ. 160-க்கு மேற்பட்ட 60 பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார். இரண்டு வகுப்புக்கு மேல் தாண்டியவர்கள் பெரும்பாலும் நல்ல நட்புகளோடும் மனநிறைவோடும் இருந்தார்கள். வயதொத்தவர்களோடுதான் இருக்க வேண்டும் என்று நிறுத்திவைக்கப்பட்டவர்களே அதிகம் தனிமைப்பட்டார்கள். சிலர் பள்ளியையே பாதியில் விட்டார்கள். எளிதான பாடத்திலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை திணறிப் பழகவே முடியாது அல்லவா?

நடுவழியும் உண்டு. கணித மேதை டெரன்ஸ் டாவ் சிறுவனாக இருந்தபோது அவரை ஒரே வகுப்பில் அடைக்காமல், ஒவ்வொரு பாடத்துக்கும் அவர் நிலைக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைத்தார்கள். 2006-ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். உங்கள் பள்ளியில் கணிதத்துக்கு மட்டும் மேல் வகுப்புக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தாழம்பூ:

எல்லோருக்கும் நன்றி. கணிதத்துக்கு மட்டும் மேல் வகுப்பு என்பதற்கு என் கணவரும் ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை பள்ளியில் பேசப் போகிறோம்.

ஏணிப்படி அக்கா, நீங்கள் எழுதியதை இரவு இரண்டு முறை படித்தேன். என் முகமும் வாடுகிறது என்று நினைக்கிறேன். கிழிக்காதே என்று திட்டியும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்? தப்பாக நினைக்கவில்லை என்றால் இன்னொன்றும் கேட்கிறேன்: இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விட்டுப்போன கணிதத்தை நினைத்து வருத்தம் உண்டா?

ஏணிப்படி:

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை, தங்கையே. திட்ட வேண்டாம். உங்களுக்கே விடை தெரியாத ஒன்றை அவன் எதிரில் உட்கார்ந்து போடுங்கள். நடிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவான். உண்மையிலேயே உங்களுக்குக் கடினமானதாக இருக்கட்டும்.

கணிதத்தை விட்ட பிறகு சில ஆண்டுகள் வீணாகப் போயின. அவற்றைப் பற்றி எழுத விருப்பமில்லை. பிறகு பொறியியல் படித்தேன். இன்று பாலங்களுக்கான கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. வேறொருவர் போட்ட கணக்கை வரி வரியாகப் பின்தொடர்ந்து, எடை தாங்குமா என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு கூட்டல் பிழை செய்தேன். வழக்கம்போல ரப்பரைத் தேடினேன். என் மேலதிகாரி கையைப் பிடித்து நிறுத்தினார். இங்கே எதையும் அழிக்கக் கூடாது. தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருக்கும் எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், அதன் அருகில் சுருக்கொப்பம், தேதி. எங்கே பிசகியது என்று நாளைக்கு வருகிறவருக்குத் தெரிய வேண்டும் என்றார். நான் கோடு போட்டேன், கை நடுங்கியது. அப்போது எனக்கு 29 வயது.

வருத்தம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். என் வேலை எனக்குப் பிடிக்கும், ஆனால் இதற்காகத்தான் பிறந்தேன் என்று சொல்ல மாட்டேன். சில இரவுகளில் எண் கோட்பாட்டில் ஒரு கணக்கை எடுத்து வைத்துக்கொள்கிறேன். இப்போது கையில் இருப்பதைத் தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது. நோட்டில் இருபத்தாறாவது பக்கம், பெரும்பாலும் கோடு போட்டு அடித்தவைதான். நேற்று ஒரு வழி திறந்தது போலிருந்தது. காலையில் பார்த்தால் மூன்றாவது வரியிலேயே தப்பு. இன்று இரவு அந்த வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.